குடைத் துணியில் இறங்கிய பெட்டி

வயல் வரப்பின் மேல் அந்தப் பெட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் அறுத்த நெல் அரி அரியாகக் கிடந்தது. கட்டித் தூக்க ஆளில்லை. அரிவாளையும் தூக்குச்சட்டியையும் போட்டது போட்டபடி விட்டு ஓடியிருந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு இப்பால் ஊரே நின்றது. நான்கு போலீஸ்காரர்கள் நின்றார்கள். யாரும் பேசவில்லை.

அதனால் பெட்டியின் சத்தம் நன்றாகக் கேட்டது. பீப். ஐந்து விநாடி அமைதி. மறுபடி பீப்.

"கேட்டியளா? டைம் ஓடுது" என்றார் என் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றவர். "மதுரையிலேருந்து ஆளு வருதாங்களாம். வந்து இங்கனயே வெடிக்க வச்சிருவாங்களாம்."

 அந்தச் சத்தத்தை வைக்கச் சொன்னவள் நான். அந்தப் பெட்டியை அன்று காலையில் ஆகாயத்துக்கு அனுப்பியவளும் நான்தான்.

ஆஸிலாஸ்கோப் பழுதான புண்ணியம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் சொன்னேன். சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு நடந்தது இது. தொண்ணூறுகளில் ஒரு பங்குனி மாதம். எந்த வருடம் என்று என்னை யாரும் நெருக்கிக் கேட்க வேண்டாம்.

எங்கள் செய்முறைக் கூடத்தில் ஒரே ஒரு ஆஸிலாஸ்கோப் இருந்தது. மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி. அது படுத்துவிட்டது. மேலப்பாளையத்தில் டி.வி., ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த செய்யது மைதீன் என்பவர் பார்க்க வந்தார். எட்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை மைதீன் அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் வடிவு டீச்சர்.

மூடியைக் கழற்றி, சால்டரிங் புகை மூக்கில் ஏற, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"டீச்சர், முப்பது கிலோமீட்டர் ஒசரத்துல பட்டப்பகல்ல வானம் என்ன நெறமா இருக்கும்?"

"கறுப்பா இருக்கும்" என்றேன். இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவள் அல்லவா?

"நீங்க பாத்தியளா?"

"இல்லை."

"பாத்தவங்க யாரையும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எப்படித் தெரியும்?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காற்றுக் குறைந்தால் ஒளிச்சிதறல் குறையும், நீலம் மறையும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "சரிதான். ஆனாலும் ஒருக்கப் பாத்துட்டா நல்லாருக்கும்லா?" என்றார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது யோசித்தேன். நான் நடத்தும் பாடங்களில் எத்தனை விஷயத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்? விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு கையே போதுமானதாக இருந்தது.

நூற்றில் ஒன்று

மைதீன் அண்ணாச்சிக்கு ஒரு கனவு இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். சாதாரண மனிதர்கள் சேர்ந்து ஒரு விண்கலம் கட்ட முடியுமா என்பதுதான் அது.

அவர் அமெச்சூர் ரேடியோக்காரர். முறையாகப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். வளைகுடாவில் வேலை பார்த்தபோது, தங்கியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் கையால் செய்த ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உலகத்தில் எங்கோ இருக்கும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தாங்களே கட்டி, யாரோ விட்ட ராக்கெட்டில் இடம் கேட்டு வாங்கி மேலே அனுப்பிய சின்னச் செயற்கைக்கோள் ஒன்று தலைக்கு மேல் கடந்து போனது. அதன் குரலைக் கால் மணி நேரம் கேட்டாராம்.

"பகல்ல ஆபீஸ் போற ஆளுவ, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டுனது டீச்சர். நம்மள மாதிரி ஆளுவதான். அது மேல சுத்திக்கிட்டு என் காதுல பேசுது. எனக்கு அழுகை வந்துட்டு."

அவருடைய தங்கையை வள்ளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போனால், மகேந்திரகிரி மலைப்பக்கம் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற நாட்களில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும் என்பார். "அவங்க மலையளவு செய்யுதாங்க. நம்ம மிளகளவு செய்வோம்."

நான் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒளிக்க விரும்பவில்லை. உயரம் போவது பெரிய விஷயமே இல்லை. போன இடத்தில் கீழே விழாமல் சுற்றுவதற்கான வேகம்தான் கஷ்டம். ஒரு விநாடிக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டும். பாளையங்கோட்டையில் கண்ணை மூடி ஏழு எண்ணினால் தூத்துக்குடியைத் தாண்டியிருக்க வேண்டும். பலூனில் முப்பது கிலோமீட்டர் ஏறுவது, ஆகிற சக்தியைக் கணக்குப் பார்த்தால், சுற்றுப்பாதைக்குப் போகிற வேலையில் நூற்றில் ஒரு பங்கு.

சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மனம் ஒடிந்திருப்பார் என்று நினைத்தேன்.

"நூத்துல ஒண்ணா?"

"ஆமாம் அண்ணாச்சி."

"அந்த ஒண்ணு நம்ம கைக்கு எட்டுமா?"

"எட்டும்."

"அப்ப அதைச் செய்வோம். மிச்சம் தொண்ணூத்தொம்பதை வேற யாராவது செய்யட்டும்."

ஸ்டெல்லா அக்கா போட்ட ஓட்டை

ஒரு வருடம் பிடித்தது.

வானிலை ஆய்வுக்கு விடுகிற பெரிய ரப்பர் பலூனை மைதீன் அண்ணாச்சி பம்பாயில் யாரையோ பிடித்து வரவழைத்தார். பிரித்தால் முகப்பவுடர் வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து வீடெல்லாம் வீசியது. ஹைட்ரஜன் உருளை தூத்துக்குடியிலிருந்து வந்தது. வளைகுடாவிலிருந்து அவர் தன் மகளுக்காகக் கொண்டுவந்த தானியங்கி கேமராவை, மகளிடம் கெஞ்சி வாங்கினார். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தும் ஒரு சின்னச் சுற்றமைப்பையும், பெட்டி இருக்கும் திசையைக் கீழே இருக்கும் எங்களுக்குச் சொல்ல ஒரு சின்ன ரேடியோவையும் செய்தார். எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல சைக்கிள் வாங்குகிற செலவைக் கொஞ்சம் தாண்டியது. அவ்வளவுதான்.

பெட்டி, மருந்துக் கடைக்கு ஊசி மருந்து ஐஸோடு வரும் தெர்மோகோல் பெட்டி. மேலே குளிர் சைபருக்குக் கீழே எழுபது, எண்பது டிகிரிக்குப் போகும். நெல்லைக்காரர்களுக்கு அதை எப்படிப் புரியவைப்பது? டவுனில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஒரு ராத்திரி பெட்டியை வைத்துப் பார்த்தோம். காலையில் கேமரா செத்துக் கிடந்தது. உள்ளே இலவம் பஞ்சைத் திணித்து, பேட்டரிகளை ரேடியோவோடு ஒட்டிவைத்து மறுபடி பார்த்தோம். மூன்றாம் முறை பிழைத்தது.

பாராசூட் தைத்தவர் ஸ்டெல்லா அக்கா. எங்கள் தெருமுனையில் தையல் கடை. எனக்கு ஜாக்கெட் தைப்பவர். வேகமாகக் காய்கிற, கனமில்லாத, கிழியாத துணி வேண்டும் என்றேன்.

"இதுல என்ன யோசனை? குடைத் துணி" என்றார்.

பழைய குடைகளைச் சேகரித்துப் பிரித்தோம். எல்லாம் கறுப்பு. ஒன்று மட்டும் யாரோ ஒரு அம்மாளுடையது, ரோஜாப் பூப் போட்டது. எட்டுத் துண்டில் அதுவும் ஒரு துண்டாகச் சேர்ந்தது. கல்லூரி மொட்டை மாடியிலிருந்து செங்கல்லைக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே வந்து, முதல்வரின் செம்பருத்திச் செடியை முறித்தது. நான் புத்தகத்தைத் தேடிப் போனேன். நான் திரும்பி வருவதற்குள் ஸ்டெல்லா அக்கா கத்தரிக்கோலை எடுத்து நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டு, ஓரம் அடித்துவிட்டார்.

"உள்ள மாட்டுன காத்துக்கு வெளிய போக வழி வேணும்லா? அதான் தவிக்குது."

மறுமுறை பைய, ஆடாமல் இறங்கியது. புத்தகத்திலும் அதையேதான் போட்டிருந்தார்கள்.

அனுமதிக்கு மெட்ராசுக்கு எழுதினேன். விமானப் போக்குவரத்தைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து மூன்று மாதம் கழித்து முத்திரையோடு கடிதம் வந்தது. எந்தெந்த நாட்களில், எந்த நேரத்தில் விடலாம் என்று குறிப்பிட்டு அனுமதித்திருந்தார்கள். கசங்கக் கூடாது என்று பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் பிழை.

இரண்டாவது பிழை அந்த பீப். வாழைத் தோட்டத்துக்குள் விழுந்தால் கண்டுபிடிக்க முடியாதே, சத்தம் போட்டால் நல்லது என்று நான்தான் சொன்னேன்.

மூன்றாவது, பெட்டியின் மேல் ஒட்டிய காகிதம். "பயப்பட வேண்டாம். இதில் வெடிக்கும் பொருள் எதுவும் இல்லை. கண்டெடுப்பவர் கீழ்க்காணும் முகவரிக்குத் தெரிவிக்கவும்" என்று என் கையால் கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுதியதைப் பார்த்துப் பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

ஏறியது

எங்கள் பள்ளத்தாக்கு பலூன் விட வசதியான இடமல்ல. மேற்கே போனால் பொதிகைமலைக் காடு. கிழக்கே போனால் கடல். நடுவில் இருக்கிற நிலம் அவ்வளவுதான். அதனால் காற்று கிழக்கே தள்ளும் நாளுக்குக் காத்திருந்து, கூடியவரை மேற்கே தள்ளிப் போய், சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றை ஒட்டிய ஒரு பொட்டலில் இருந்து விட்டோம்.

விடிந்து கொஞ்ச நேரம். தரையில் முள் குத்தாமல் இருக்க, ஸ்டெல்லா அக்கா தன் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளத்தை விரித்தார். பலூன் மூச்சு வாங்குவது போல் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வேடிக்கை பார்க்க, பீடியைப் புகைத்துக்கொண்டே வந்தார். "வே, அங்கனயே நில்லும்! தீயைக் கொண்டு வராதேயும்!" என்று மைதீன் அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஆடுகள் சிதறி ஓடின. அவற்றுக்குப் பின்னாலேயே அந்த மனிதரும் ஓடினார்.

கயிறு என் கையில் இருந்தது. அது என்னை இழுத்தது. ஒரு குழந்தை கடைக்குப் போக அவசரப்பட்டுக் கையை இழுக்குமே, அந்த அளவு பலம்.

"விடுங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. உதடு "பிஸ்மில்லா" என்று அசைந்தது. ஸ்டெல்லா அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு முருகன் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. விட்டேன்.

ஆற்றுக்கு மேலே போனது. மருத மரங்களுக்கு மேலே போனது. வெயில் பட்டு முத்து மாதிரி ஆனது. பிறகு நான் கண்ணைச் சிமிட்டினேன். மறுபடி அதைப் பார்க்க முடியவில்லை.

ஸ்டெல்லா அக்காவை பஸ் ஏற்றிவிட்டு, நானும் அண்ணாச்சியும் அவருடைய பழைய வேனில் கிழக்கே விரட்டினோம். அவர் ஓட்டினார். நான் ஜன்னல் வழியாக ஆன்டெனாவை நீட்டித் திருப்பிக்கொண்டு, காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டேன். எந்தத் திசையில் சத்தம் அதிகமோ அந்தத் திசையில் பெட்டி. பாளையங்கோட்டை தாண்டும்போது அது எங்களுக்கு நேர் மேலே எங்கோ இருந்தது. செய்துங்கநல்லூரில் சத்தம் திடீரென்று அலைபாய்ந்தது. மேலே காற்றுக் குறைந்ததும் பலூன் உப்பி வெடித்துவிட்டது, பெட்டி விழத் தொடங்கிவிட்டது என்று புரிந்தது. கருங்குளம் தாண்டியதும் ரேடியோவின் சத்தம் நின்றுவிட்டது.

அதன் பிறகு மூன்று மணி நேரம் ஒன்றுமில்லை. வாழைத் தோட்டம் வாழைத் தோட்டமாக அலைந்தோம். கடலுக்குப் போயிருக்குமோ என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். டீயை ஆற்றிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: "விசயம் தெரியுமா? வயக்காட்டுல ஆகாசத்துலேருந்து குண்டு விழுந்து கெடக்காம்."

டீ குடிக்காமலே கிளம்பினோம்.

பெயர் கேட்டார்கள்

அங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கயிறும் கூட்டமும்.

நடந்தது இதுதான். பெட்டி வாய்க்காலில் விழுந்திருக்கிறது. தெர்மோகோல் ஆனதால் மிதந்திருக்கிறது. நெல் அறுத்துக்கொண்டிருந்த பொன்னுத்தாய் என்ற பெண், மடைக்குள் போய்ச் சிக்கிவிடும் என்று இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதைத் தூக்கி வரப்பில் வைத்திருக்கிறாள். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். காகிதத்தின் கீழ்ப்பாதி நனைந்து கிழிந்து போயிருந்தது. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "பயப்பட வேண்டாம். இதில் வெடிக்கும் பொருள்".

அவர் போட்ட கூச்சலில் வயலே காலியாகிவிட்டது.

நாங்கள் கயிற்றருகே போய், அது எங்கள் பெட்டி என்று சொன்னோம். கான்ஸ்டபிள் ஒருவர் எங்களையும், வேனிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஆன்டெனாவையும் பார்த்தார். முதலில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார். சொன்னேன். பிறகு அண்ணாச்சியைக் கேட்டார்.

"செய்யது மைதீன். மேலப்பாளையம்."

கான்ஸ்டபிளின் முகம் மாறியது.  அண்ணாச்சியின் முழங்கைக்கு மேலே பிடித்தார். இன்னொருவர் வந்து மறு கையைப் பிடித்தார். என்னை யாரும் தொடவில்லை.

அண்ணாச்சி திமிறவில்லை. என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "டீச்சர், நீங்க பேசுங்க. நான் பேசுனா சரிவராது."

இத்தனை வருடம் கழித்தும் அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. ஒரு வருடமாக நாங்கள் ஒவ்வொரு திருகாணியின் கனத்தையும் நிறுத்துப் பார்த்திருக்கிறோம். விழுகிற பெட்டி அவர் மேல் எவ்வளவு கனமாக விழும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருப்பார். யோசித்தும் வந்திருக்கிறார்.

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன். சேலம் பக்கத்துக்காரர். இளவயதிலேயே முன்வழுக்கை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பலூன், கேமரா, மெட்ராஸ் கடிதம்.

"கடிதம் எங்கே?"

"பீரோவில்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மேடம், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா இத்தனை ஜனத்தை வச்சுக்கிட்டு நான் எப்படி நம்பறது?"

"நானே போய்த் திறந்து காட்டுகிறேன். எல்லாரையும் இன்னும் தள்ளி நிறுத்துங்கள். நான் மட்டும் போகிறேன்."

 பெட்டி இரண்டு முறை பீப் என்றது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஏட்டிடம் கொடுத்தார். ஏன் கழற்றினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"உங்களை மட்டும் தனியா அனுப்ப முடியாது. வாங்க, ரெண்டு பேரும் போவோம்."

அறுத்த தாளடி செருப்பில் குத்த, வரப்புக்கு நடந்தோம். அவர் எனக்கு அரை அடி முன்னால் நடந்தார். பெட்டியைச் சுற்றிய நைலான் கயிற்றை அவிழ்க்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. குண்டு என்ற பயம் இல்லை. கேமராவுக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்ற பயம். அவர் குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். மூடியைத் திறந்தேன். இலவம் பஞ்சு காய்ந்தே இருந்தது. விசையை அணைத்தேன். பீப் நின்றது.

கேமராவின் சின்னக் கண்ணாடியில் எண் தெரிந்தது. முப்பத்தொன்று. முப்பத்தொரு படம் எடுத்த பிறகுதான் குளிரில் நின்றிருக்கிறது.

"இதுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதுதான்" என்று சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

கயிற்றுக்கு அப்பால் பொன்னுத்தாயின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. "நான் அப்பமே சொன்னேன்லா, பூப் போட்ட குடைத் துணியில எவனாவது குண்டு கட்டுவானான்னு. யாரு கேட்டா?"

பெஞ்சில் கழிந்த மதியம்

ஆனாலும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. கல்லூரிக்கு போன் போட்டு, அங்கிருந்து ஆள் போய்ச் சொல்லி, ஸ்டெல்லா அக்கா என் பீரோவைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நான் தச்சது எங்கயாவது கிழிஞ்சிட்டா?"

கிழியவில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் கடிதத்தை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியிடம் எழுந்து போனார். தன் கையால் டீ டம்ளரைக் கொடுத்தார்.

"உங்களைப் பிடிச்சு வச்சது தப்பு. என் ஆளுங்க செஞ்சதுக்கு நான் வருத்தப்படறேன்."

அண்ணாச்சி டம்ளரை வாங்கிக்கொண்டார்.  அவர் சட்டைக் கையில் விரல் பதிந்த கசங்கல் அப்படியே இருந்தது.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் சொன்னார்: "படம் எப்படி வந்திருக்குன்னு எனக்கும் காட்டணும். அடுத்த தடவை இந்தக் கடிதத்தோட நகலை முன்னாடியே எங்களுக்கு அனுப்பிடுங்க."

அடுத்த தடவை. அந்த இரண்டு வார்த்தைகளுக்காக நான் அவருக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன். இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால், அன்றிருந்த நிலையில் நாங்கள் இருவரும் தலையாட்டிவிட்டு வந்திருப்போம். அடுத்த தடவை உண்மையிலேயே வந்தது. அதற்கடுத்த தடவையும் வந்தது. இரண்டு முறையும் நகல் முன்னாலேயே போனது.

கறுப்பு

முப்பத்தொரு படத்தில் பெரும்பாலானவை வீண். சூரியன் நேராக விழுந்து வெளுத்தவை, மேகம், கயிறு, ஒன்றில் வெறும் ரோஜாப் பூ. ஐந்து படம் தேறின. அந்த ஐந்தில் ஒன்று.

ஸ்டூடியோவிலிருந்து நேராக மேலப்பாளையம் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணாச்சி, "இருங்க, கையைக் கழுவிட்டு வாரேன்" என்று உள்ளே போனார். துடைத்துக்கொண்டு வந்து, ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கினார்.

மேலே பாதிப் படம் கறுப்பு. ஸ்டெல்லா அக்காவின் குடைத் துணியைவிடக் கறுப்பு. அதற்குக் கீழே நூல் மாதிரி ஒரு நீலம். அந்த நீலத்தின் கோடு நேராக இல்லை, லேசாக வளைந்திருந்தது. அதற்கும் கீழே நாம். பச்சையும் செம்மண்ணும், கரைகளில் பச்சை ஒட்டிய ஒரு மெல்லிய வளைகோடு, பிறகு கடல்.

"ஆறு" என்றேன்.

 கடைக்கு வந்த ஒருவர் டிரான்சிஸ்டரை மேசையில் வைத்துவிட்டு நின்றார். அண்ணாச்சி அவரிடம் படத்தைத் திருப்பிக் காட்டி, "பட்டப்பகல், பாத்துக்கிடும்" என்றார். 

மிச்சம் தொண்ணூற்றொன்பது பங்கை நாங்கள் செய்யவில்லை. சில வருடம் கழித்து அண்ணாச்சி மறுபடியும் வளைகுடாவுக்குப் போய்விட்டார். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் சின்னச் சின்னச் செயற்கைக்கோள் கட்டுகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் அங்கிருந்து எனக்கு போன் வரும். "டீச்சர், செய்யுதாங்கல்லா!" என்பார். தான் செய்யாமல் போனோமே என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்ததே இல்லை. எனக்குக் கிடைத்த மனிதர்களை நினைத்தால், நான் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்துவைத்தவள் என்று தோன்றுகிறது.

பொன்னுத்தாய் வீட்டில்

படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்தோம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாய்க்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, பரீட்சை, விடைத்தாள் என்று தள்ளிப்போய், ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிந்தது. அண்ணாச்சியும் வந்தார்.

வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். தலைகீழாகப் பிடித்தாள். நான் நேராகத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தேன்.

"இதுல எங்க ஊரு எங்கன இருக்கு?"

ஆறு கடலை நெருங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் காட்டினேன். ஒரு கடுகுகூட வைக்க முடியாத இடம்.

"அன்னைக்குக் காலையில எடுத்ததா?"

"ஆமா. பெட்டி விழறதுக்கு முக்கால் மணி நேரம் முந்தி."

"அப்பம் நான் வயல்ல நின்னேன். நானும் இதுல இருக்கேன்லா?"

"இருக்கீங்க" என்றார் அண்ணாச்சி. "தெரியாது. ஆனா இருக்கீங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி அந்த இடத்தையே பார்த்தாள்.

"எங்க அக்காவும் அன்னைக்கு எனக்குப் பக்கத்து வரிசையிலதான் அறுத்தா" என்றாள். "இந்த ஆடியில காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டா. மாலை போட்டு வைக்கதுக்கு ஒரு போட்டோ இல்லையேன்னு அவ பிள்ளைங்க அழுதுச்சு. ஒரு நாளும் எடுத்ததில்ல."



அவள் எழுந்து உள்ளே போனாள். குங்குமச் சிமிழோடு வந்தாள். நான் காட்டிய இடத்தை மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டு, ஆற்றின் ஓரத்தில், விரல் நுனியால் மிகச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.